எங்கள் மொறிஸ் மைனரும் புதிய ஒல்ரனேற்றரும்

மல்லாவியில் எங்கள் வீட்டு வேப்பமரத்தின் கீழ் ஒரு மொறிஸ் மைனர் வண்டி நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்த பெரியப்பாவின் வண்டி அது. போர் ஓய்ந்த பின்னர், 2011ஆம் ஆண்டில், "நீதான் இதைப் பார்ப்பாய்" என்று சொல்லி என்னிடம் ஒப்படைத்தார். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்து, 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்தது. பிரித்தானியாவில் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதலில் எட்டிய காரும் இதுவே.

யாழ்ப்பாணத்தார்க்கு இவ்வண்டியையும் இதன் உறவினனாகிய ஒஸ்ரின் ஏ-40ஐயும் அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் பின்னர் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடையாதொழிந்த காலத்தில், காபரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். வீதி முழுவதும் வெண்புகை மண்டும். பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எங்களுடையது. 1995இல் இடம்பெயர்ந்து எங்கள் குடும்பம் வன்னிக்கு வந்தது. பெரியப்பாவோ வண்டியோடு திரும்பிச் சென்றுவிட்டார்.

அவ்வளவையும் தாங்கிய வண்டி, சென்ற மாரியில் ஓர் இரவு எம்மைக் கைவிட்டது. அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கடுங்காய்ச்சல், வலிப்பும் கண்டிருந்தது. கிளிநொச்சிக்குக் கொண்டுபோக எண்ணி மாங்குளம் வீதியிற் புறப்பட்டோம். மழை, முன்விளக்குகளும் துடைப்பானும் ஓயாது இயங்கின. வெள்ளம் பாயும் இடங்களில் நின்றும் ஊர்ந்தும் செல்ல நேர்ந்தது. மாங்குளத்தை அடையுமுன்னரே விளக்கொளி மஞ்சளாகி, சிவப்பாகி, அரிக்கன் லாம்பின் திரியளவிற்குச் சுருங்கியது. சிறிது தூரத்தில் இயந்திரமும் நின்றது. பின்னால் வந்த லொறிக்காரர் ஒருவர் பிள்ளையையும் தாயையும் ஏற்றிச் சென்றார். பிள்ளை பிழைத்துவிட்டான், ஆனாலும் அந்த இருட்டில் வண்டியோடு தனித்து நின்ற அரைமணி நேரத்தை நான் மறக்கவில்லை.

பிழை எங்கேயென மறுநாட் கணக்குப் பார்த்தேன். முன்விளக்குகள், பின்விளக்குகள், துடைப்பான், எரிபற்றற் சுருள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 15 அம்பியர் கேட்கின்றன. எங்கள் வண்டியிலுள்ள லூக்காஸ் டைனமோவின் உச்ச வலுவே 22 அம்பியர்தான். அதுவும் இயந்திரம் நன்றாகச் சுழலும்போது. மெதுவாகச் சுழலும்போது அது ஏதும் தருவதில்லை என்றே சொல்லலாம். மீதியைப் பற்றறி கொடுக்கும், பற்றறி வெறுமையாகும்.

இவ்விடத்தில் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1831இல் மைக்கேல் பரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டார். அதன் வழியாகச் சுழலும் சுருளிற் பிறப்பது இயல்பாகவே ஆடலோட்டம். பற்றறிக்கு வேண்டுவதோ நேரோட்டம். டைனமோவில் இம்மாற்றத்தைத் திசைமாற்றியும் கரித்தூரிகைகளும் செய்கின்றன. முழு மின்னோட்டமும் சுழலும் சுருளிலிருந்து தூரிகை வழியே வெளிவருவதால், அதனை மிக வேகமாகச் சுழற்ற இயலாது. ஒல்ரனேற்றரில் ஏற்பாடு தலைகீழ். காந்தம் சுழல்கிறது; மின் பிறக்கும் சுருள் அசையாமல் இருக்கிறது; ஆடலோட்டத்தை ஆறு சிலிக்கன் இருவாயிகள் நேராக்குகின்றன. தூரிகைகள் காந்தச் சுருளுக்கான சிறு மின்னோட்டத்தை மட்டும் சுமப்பதால், சிறிய கப்பி பூட்டி வேகமாகச் சுழற்றலாம். இயந்திரம் மெல்ல ஓடினும் மின் கிடைக்கும். சிலிக்கன் இருவாயிகள் மலிவான பின்னரே, 1960ஐ ஒட்டி, இது கார்களிற் பரவத் தொடங்கிற்று.

ஆகவே யப்பானியக் காரொன்றிலிருந்து கழற்றிய ஒல்ரனேற்றர் ஒன்றை வாங்கினேன். என் சம்பளத்திற் காற்பங்கு போயிற்று. எங்களூர் மெக்கானிக் அண்ணை தாங்கியை வெட்டி ஒட்டி, கப்பிகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்தித் தந்தார். இனித் தொல்லை வயர்களில்.

பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றிற் பற்றறியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். புதிய ஒல்ரனேற்றருக்கு மறைமுனை உடலோடு சேர வேண்டும். பற்றறியைத் திருப்பினால் ஸ்ராற்றர் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலாதோ என்று என் மாணவனொருவன் கேட்டான். நல்ல வினா. அங்கே காந்தப்புலமும் ஆமேச்சர் மின்னோட்டமும் ஒருங்கே திரும்புவதாற் சுழற்சித் திசை மாறாது. எரிபற்றற் சுருளின் இரு சிறு வயர்களை மட்டும் இடம் மாற்ற வேண்டும். இல்லையேற் பொறி வலுக்குன்றும். வானொலிப் பெட்டி, மின்னணு எண்ணெய்ப் பம்பி முதலியன இருப்பின் அவற்றைத் தனியே சோதித்தல் அவசியம்.

'கட்டவுட்' என்று நாம் சொல்லும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு இனி வேலையில்லை. ஓய்ந்திருக்கும் டைனமோவிற்குள் பற்றறி மின் திரும்பிப் பாயாமல் அது தடுத்து வந்தது. இப்போது இருவாயிகளே அதனைச் செய்கின்றன. வோல்ற்று அளவைக் காக்கும் சாதனமும் ஒல்ரனேற்றருக்குள்ளேயே உண்டு. டைனமோவிலிருந்து வந்த இரு வயர்களையும் அகற்றினோம். பெட்டியின் 'ஏ', 'ஏ-1' முனைகளின் வயர்களை ஒன்றாக்கினோம். ஒல்ரனேற்றரிலிருந்து ஸ்ராற்றர் சுவிற்றின் பற்றறி முனைக்குப் புதிதாகத் தடித்த வயர் போட்டோம். 22 அம்பியருக்கு அமைந்த பழைய வயரில் அதன் இருமடங்கைச் செலுத்தினால் அது சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவன்று. டைனமோ முனைக்கு வந்த எச்சரிக்கை விளக்கின் வயர் ஒல்ரனேற்றரின் விளக்கு முனைக்குச் செல்லும். பல ஒல்ரனேற்றர்களில் அச்சிறு விளக்கின் வழியேதான் காந்தச் சுருளுக்கு முதல் மின்னோட்டம் கிடைக்கிறது. குமிழ் எரிந்துபோனால் மின்னேற்றமும் நின்றுவிடலாம்.

எல்லாம் முடிந்து வண்டி பத்து நாள் அழகாக ஓடியது. பதினோராம் நாட் பற்றறியைக் கழற்றி முனைகளைச் சுத்தஞ் செய்தேன். திரும்பப் பூட்டும்போது கை தன் பழைய வழக்கப்படி நேர்முனையை உடலோடு சேர்த்தது. நேர்முனை சற்றுப் பருமனானது. கவ்வி இறுகப் பொருந்தாதபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். தட்டிப் பொருத்தினேன்! மற்ற முனையைத் தொட்டதும் நீலப்பொறி, கருகிய நாற்றம், புகை. இருவாயிகள் பற்றறியின் முழு மின்னோட்டத்தையும் தம் வழியே விட்டு எரிந்து போயின.

மெக்கானிக் அண்ணை வந்து முகர்ந்து பார்த்தார்.

"மாஸ்ரர், இருவாயி எண்டு பிள்ளையளுக்கு நீங்கள்தானே படிப்பிக்கிறனீங்கள்?"

"ஓம் அண்ணை."

"டைனமோ எண்டால் பொறுத்திருக்கும். இது பொறுக்காது."

அவர் சொன்னது சரி. இயந்திரம் ஓடும்போது பற்றறியைக் கழற்றி அடுத்த வண்டியைக் கிளப்பக் கொடுத்த தடைக்காலத்துப் பழக்கத்தையும் இதனிடம் காட்டக் கூடாது. அப்போது எழும் மிகை வோல்ற்றும் இருவாயிகளைக் கொன்றுவிடும்.

இருவாயித் தட்டு ஒன்றைத் தேடி யாழ்ப்பாணம் வரை அலைந்து மாற்றினோம். இப்போது இரவில் மாங்குளம் வரை விளக்குப் போட்டுச் சென்றாலும் ஒளி மங்குவதில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியை அழகுக்காக இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறேன். பெரியப்பா கண்டால் வருந்தக் கூடாதல்லவா? பழைய டைனமோ எண்ணெய்த் துணியிற் சுற்றப்பட்டு அலுமாரியின் அடித்தட்டில் இருக்கிறது. பற்றறித் தட்டின் மேலே வெள்ளை மையினால், "மறைமுனை உடலுக்கு" என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். என் மகன் அதன் கீழே, "அப்பா, கவனம்" என்று சேர்த்திருக்கிறான்.