யோக ஆசிரியப் பயிற்சி: எங்கே சேர்வது?

நமது குளத்தூர் இல்லங்களில் யோக ஆசிரியராக விரும்பும் பிள்ளைகள் உளர். சேமிப்பைக் கட்டணமாகச் செலுத்துமுன் பெற்றோர் சிலவற்றை ஆராய்தல் நலம்.

அண்மையில் நெய்யாறு அணையருகே சிவானந்த ஆசிரமத்தில் நான்கு வாரப் பயிற்சி நடைபெறுகிறது. 1969-இல் இப்பயிற்சியைத் தொடங்கியவர் சுவாமி விஷ்ணுதேவானந்தர். மும்பை யோகா இன்ஸ்டிடியூட் 1918-இலேயே தோன்றியது.

பலரும் விளம்பரப்படுத்தும் "200 மணி நேரம்" அமெரிக்க யோகா அலையன்ஸின் அளவுகோல். அச்சங்கம் பள்ளிகளைப் பதிவு செய்கிறதேயன்றி, மாணவர்க்குத் தானே தேர்வு நடத்துவதில்லை. ஆயுஷ் அமைச்சகத்தின் யோகச் சான்றளிப்பு வாரியமோ எழுத்திலும் செய்முறையிலும் தேர்வு நடத்துகிறது.

ஆகவே நேரிற் சென்று கேட்போம்: கற்பிப்பவர் யார்? முதுகுவலியுடையோர்க்கு ஆகாத ஆசனங்கள் எவையெனச் சொல்லித் தருவரா? ஆசிரியர் முன்னிலையில் மாணவர் வகுப்பு நடத்திப் பழகுவரா? பிறர் தம் உடலை நம்பி ஒப்படைக்கும் தொழில் இது. தக்க விடை கிடையாத இடத்தில் பணம் கட்டலாகாது.