மலையும் அலையும் – 7: பூம்பாறை வீட்டில் ஒரு சிபி ரேடியோ

கொடைக்கானலிலிருந்து மன்னவனூருக்குச் செல்லும் பாதையில், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில், குழந்தை வேலப்பர் கோயிலைச் சுற்றி நெருங்கி நிற்கும் வீடுகளும், படிப்படியாய்க் கீழிறங்கும் பூண்டுத் தோட்டங்களுமாக அமைந்த பூம்பாறையைச் சாலையின் வளைவிலிருந்து நோக்குபவர் அதன் அழகில் லயித்துவிடுவார். வானொலியில் சிரத்தை உள்ளவர் கண்ணுக்கோ, இத்தனை உயரத்தில் இருந்தும் இவ்வூர் ஒரு பள்ளத்தில் இருக்கிறதே என்னும் விசித்திரமே முதலில் படும். கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்பது அலைக்கு ஒரு பொருட்டன்று. எதிரே நிற்கும் முகடு நம்மைவிட உயர்ந்ததா என்பதே அதற்குப் பொருட்டு.

இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிட்டிசன் பேண்ட் (சிபி), 5 வாட்டுக்கு மிகாத சிறு கருவிகளுக்கு 2005-ஆம் ஆண்டில் உரிமத் தேவையிலிருந்து விலக்கப்பட்டது. செல்போன் எட்டாத மலை மடிப்பில் தோட்டத்திலிருப்பவரும் வீட்டிலிருப்பவரும் பேசிக்கொள்ள இது நல்ல சாதனமே. ஆயினும் குரல் தெளிவாக விழவில்லை என்றவுடன் பெரிய கருவி வாங்கப் புறப்படுவதும், கேட்கும் பக்கத்தின் குறைக்கு அனுப்பும் பக்கத்தில் சக்தியைக் கூட்டிப் பரிகாரம் தேடுவதும் வீண் செலவு என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

முதலில் ஆராய வேண்டியது நம் வீட்டின் இரைச்சலை. கருவியை பேட்டரியில் ஓடவிட்டு, இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை முழுவதும் திறந்து, அந்த 'உஸ்' என்னும் சப்தத்தைச் சிறிது நேரம் கவனித்துக் கேட்டபின், வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தால், பல வீடுகளில் அந்தச் சப்தம் சட்டென்று அடங்கிப்போகும்; மலை மறைத்ததாக நாம் நினைத்த குரலை மறைத்தது எல்.இ.டி. விளக்கும் செல்போன் சார்ஜரும்தான் என்பது அப்போது புலனாகும். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்து, அதை மாற்றலாம். அல்லது அதன் ஒயரை ஒரு ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுச் சுற்றிவிடலாம்.

மின்சாரம் முழுவதும் நின்ற பின்னும், ஏறக்குறைய நொடிக்கு ஒரு தரம், 'டிக், டிக்' என்று கடிகாரம்போல ஓர் ஒலி கேட்குமானால், அது காட்டுமாட்டுக்கும் காட்டுப்பன்றிக்கும் அஞ்சித் தோட்டத்தைச் சுற்றிப் போட்டிருக்கும் சோலார் வேலியின் துடிப்பு. நல்ல நிலையிலுள்ள வேலி இவ்வளவு தொல்லை தருவதில்லை. ஈரப்புல் கம்பியில் உரசும் இடத்திலும், முடிச்சு தளர்ந்து துருவேறிய இடத்திலும் நுண்ணிய தீப்பொறி எழுந்து, அந்தப் பொறியே அலையாகப் பரவுகிறது. ஆதலால் வேலியை அணைத்துவிட்டு, ஓரத்துப் புல்லை அறுத்து, முடிச்சுகளை இறுக்குவதால் ரேடியோவும் தெளிவடையும், வேலியின் வலிமையும் மீளும்.

அடுத்தது ஏரியல். தகரக் கூரையின் கீழ் அமர்ந்து கேட்பவருக்கு அலையின் பெரும்பகுதி கூரையிலேயே நின்றுவிடும். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால் பங்குக்குச் சற்றே குறைவான இரு செம்புக் கம்பிகளை, சுமார் 2.6 மீட்டர் வீதம் வெட்டி, ஒன்றை மேலும் மற்றதைக் கீழுமாக ஒரு மூங்கிலில் நிமிர்த்திக் கட்டி, நடுவிலிருந்து கேபிளைப் பக்கவாட்டில் இழுத்து வந்தால், கேட்பதற்கு அதைவிடச் சௌகரியமான ஏரியல் வேண்டுவதில்லை. கேட்பதற்கு மட்டும் என்றால் வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் டிஷ் கேபிளே போதும்; ஆனால் இணைப்பை டேப் சுற்றி நன்றாக மூடாவிட்டால், இந்த மலையின் மூடுபனி சில மாதங்களில் கேபிளுக்குள் இறங்கிவிடும். கம்பி நிமிர்ந்தே இருப்பது அவசியம், ஏனெனில் எதிர்ப்பக்கத்தில் பேசுபவரும் தம் கைக்கருவியை நிமிர்த்தித்தான் பிடிக்கிறார்.

மூங்கிலை எங்கே நடுவது என்பதில்தான் அனுபவம் பேசும். முகட்டின் உச்சியில் உராய்ந்து வரும் அலை சற்றே வளைந்து மறுபுறம் இறங்குமாதலால், மலையின் அடிவாரத்தை ஒட்டிய வீட்டுக்கு அது தலைக்கு மேலே போய்விட, மலையை விட்டு விலகி நிற்கும் தோட்டத்துக் கொட்டகைக்கு நன்றாகக் கிடைப்பதுண்டு. கருவியைக் கையில் பிடித்து வரப்பு வரப்பாக நடந்து கேட்டுப் பார்த்த பின்பே குழி தோண்ட வேண்டும்.

இத்தனையும் செய்த பின் ஒரு பகல் வேளையில் அறியாத மொழியில் அந்நியக் குரல்கள் வந்து அக்கம்பக்கத்துப் பேச்சை அமிழ்த்துமானால், கருவியைக் குறை சொல்லலாகாது; காரணம் சூரியனில் இருக்கிறது. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வகத்தில்தான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தார். அந்தப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில், ஏறத்தாழ பதினோராண்டுக்கு ஒரு முறை, வானின் அயனி மண்டலம் 27 மெகாஹெர்ட்ஸ் அலையையும் பூமிக்குத் திருப்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டு சேர்க்கிறது.

சித்திரை இடியும் ஐப்பசி இடியும் இம்மலையில் கடுமையானவை. வானம் இருளத் தொடங்கும்போதே கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். மின்னலை முறையாக மண்ணில் இறக்கும் எர்த் வேலையை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.