என்ஜினைக் கழுவுமுன் அடுப்பங்கரையை எண்ணுங்கள்!



2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நெல்லைச் சீமையார் மறப்பாரா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஊர்களுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்தபின் எங்கள் உறவினர் ஒருவரின் வீட்டில், சேறு புகுந்த மோட்டார் சைக்கிளின் என்ஜினை மகனே பிரித்துப் போட்டான். சமையலறையை ஒட்டிய முற்றத்தில் அமர்ந்து, பேசினில் பெட்ரோலை ஊற்றிப் பாகங்களைக் கழுவத் தொடங்கினான்.

"என்ன வாப்பா, இப்படி வாடை அடிக்குது?" என்று தாய் கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா, இப்ப முடிஞ்சிரும்."

அவர் தேநீருக்காக அடுப்பைப் பற்றவைத்தார். மறுகணம் தரையோடு தீ ஓடியது! இறையருளால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் மகனின் கணுக்கால்கள் வெந்து, ஆறுவதற்குப் பல வாரங்கள் ஆயின.

அடுப்பு பத்தடி தள்ளித்தானே இருந்தது? தீ எப்படி வந்தது?

கண்ணுக்குத் தெரியாத ஆவி

பெட்ரோலின் ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது. அது மேலே கலைந்து போகாமல் தரையில் படிந்து தவழும். வாசற்படி தாண்டி அடுத்த அறைக்கும் செல்லும். உறைநிலைக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றுமளவு ஆவியை அது வெளிவிடும். அடுப்பு மட்டுமன்று, கொசுவர்த்தி, பீடி, மின்விசையின் சிறு பொறி எதுவும் போதும். மேலும், பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய்க்குக் காரணமாவது. ஆகவே, பாகம் கழுவப் பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

மண்ணெண்ணெயோ டீசலோ போதும். இவை ஏறத்தாழ 35 பாகைக்கு மேல் சூடேறினால்தான் எளிதில் தீப்பற்றும் ஆவியை விடும். ஆனால், நம்மூர்ச் சித்திரை வெயில் அந்த அளவைத் தாண்டுமே! எனவே காலை வேளையில், திறந்தவெளி நிழலில், அடுப்பிலிருந்து வெகு தொலைவில் கழுவுங்கள். மணல் நிறைந்த வாளியொன்று அருகில் இருக்கட்டும்.

கழுவும் முறை

முதலில் சேற்றையும் கரியையும் மரக்குச்சியாலும் பழைய பல் தூரிகையாலும் அகற்றுங்கள். இரும்புக் கத்தியால் அலுமினியத்தைச் சுரண்டினால் கீறல் விழும். பின்னர் அவ்வழியே எண்ணெய் கசியும். கரியை ஈரப்படுத்தியே எடுங்கள், வாயால் ஊதாதீர்கள். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில்தான் முற்றிலும் நின்றது. அதற்கு முந்தைய என்ஜின்களின் கரியில் ஈயம் இருக்கக்கூடும். பழைய கேஸ்கட்டிலும் பிரேக் தூசியிலும் கல்நார் இருக்கக்கூடும். இரண்டுமே மூச்சோடு உள்ளே போகக்கூடாதவை.

பிறகு அகன்ற இரும்புத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துத் துலக்குங்கள். எண்ணெய் தாங்கும் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். ரப்பர் வளையங்களை எண்ணெயில் ஊறவிட்டால் உப்பிவிடும்; அவற்றைச் சோப்பு நீரில் கழுவுங்கள். இறுதியாக எல்லாப் பாகங்களையும் சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் அலசி, நன்கு உலர்த்தி, உடனே புதிய என்ஜின் ஆயிலை மெல்லப் பூசுங்கள். தாமதித்தால் சிலிண்டரின் உட்சுவரில் துரு பிடித்துவிடும்.

சிலர் காஸ்டிக் சோடாவைப் பயன்படுத்துவர். பழைய புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு, அது தாங்கும். அதன் ஹெட்டும் பிஸ்டனும் கிராங்க் கேஸும் அலுமினியம். அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா அரித்துத் தின்றுவிடும். எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. வீட்டில் அது வேண்டாம்.

தாய்மார்கள் கவனத்திற்கு

சமையல் பாத்திரங்களை இவ்வேலைக்குக் கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெயைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்க ஒருபோதும் இடந்தராதீர்கள். தாகத்தில் வரும் குழந்தைக்கு அதுவும் தண்ணீராகவே தோன்றும். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் சென்றால் கேடு பன்மடங்காகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எண்ணெய்த் துணிகளைக் குவித்து வைக்காமல், வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

மிஞ்சிய அழுக்கு எங்கே?

வேலை முடிந்தது, தட்டில் கருநிற எண்ணெய் மிஞ்சுகிறது. அதை வாறுகாலில் ஊற்றுவதே பலரின் வழக்கம். மேலப்பாளையம் வழியே ஓடும் பாளையங்கால்வாயில் அது கலந்தால் யாருடைய வயலுக்குப் போகும்? ஆற்றில் சேர்ந்தால், நெல்லை முதல் தூத்துக்குடி வரை யாருடைய குடத்துக்குப் போகும்? ஒரு வாகனத்தில் ஒருமுறை மாற்றும் எண்ணெய், பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கிறது.

ஆகவே, அதை மூடியுள்ள தகர டப்பாவில் தெளியவிடுங்கள். மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு எடுத்து வையுங்கள். அடியில் தங்கிய கசடைப் பணிமனையில் கழிவு எண்ணெய் சேர்க்கும் பீப்பாயில் சேர்த்துவிடுங்கள்.

ஒரு பழுதைச் சீர்செய்யப் போய் இன்னொரு பழுதை வீட்டுக்கும் ஊருக்கும் ஏற்படுத்தலாமா? அடுத்த முறை உங்கள் மகன் ஸ்பேனரோடு முற்றத்தில் அமரும்போது, "எதில் கழுவப் போகிறாய்? எங்கே ஊற்றப் போகிறாய்?" என்ற இரு கேள்விகளைக் கேட்டுவிட்டு, அதன்பின் அடுப்பைப் பற்றவையுங்கள்.