மனந்திரும்புதலும் மனித முயற்சியும்



கிறிஸ்தவத் திருமறையைத் தமிழில் பெயர்த்த அறிஞர்கள் நமக்கு அளித்த சொற்களுள் ‘மனந்திரும்புதல்’ என்பது ஒன்று. புதிய ஏற்பாடு முதலில் எழுதப்பட்டது கிரேக்க மொழியில். அம்மொழியில் இதற்கு நேரான சொல் ‘மெட்டனோயா’ என்பது; எண்ணம் மாறுதல் என்பது அதன் பொருள். தமிழ்ச் சொல்லோ ஒரு வழிப்போக்கனை நம் கண்முன் நிறுத்துகிறது. ஒரு திசை நோக்கிச் சென்றுகொண்டிருந்தவன் நிற்கிறான், திரும்புகிறான், மறுதிசையில் நடக்கத் தொடங்குகிறான். திரும்புவதற்கு ஒரு நொடி போதும். நடக்க வேண்டிய தொலைவோ நெடியது. இதனோடு சேர்த்து வழங்கும் மற்றொரு சொல் ‘குணப்படுதல்’. குணம் என்பது நற்பண்பையும் குறிக்கும். நோய் நீங்கி நலம் பெறுதலையும் குறிக்கும். நெடுநாளைய நோய் ஒரே நாளில் நீங்குவதில்லை. மருந்தும் பத்தியமும் காலமும் வேண்டும். மனத்தின் நோய்க்கும் அஃதே விதி.

இதனை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அகமாற்றம் என்பது உணர்ச்சிப் பெருக்கே என்று பலர் எண்ணிவிடுகின்றனர். உருக்கமான சொற்பொழிவு ஒன்றைக் கேட்கிறோம், கண்கள் கலங்குகின்றன, இன்று முதல் நான் புதிய மனிதன் என்று உறுதி கொள்கிறோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் பழைய சோம்பலும் பழைய சினமும் வீட்டிலேயே குடியிருக்கக் காண்கிறோம். உடனே, ‘எனக்கு நேர்ந்தது மெய்யான மாற்றமன்று’ என்று மனந்தளர்ந்து கைவிட்டு விடுகிறோம். மாற்றம் பொய்யாகவில்லை; அதற்குரிய வேலை தொடங்கவில்லை என்பதே உண்மை.

ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேய மாலுமியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1748-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் கடலில் வீசிய கொடும்புயலில் அவர் சென்ற கப்பல் மூழ்கும் நிலையை எய்தியது. அவ்வேளையில் அவர் இறைவனை நோக்கிக் கூவினார், உயிர் தப்பினார். அந்நாளைத் தம் வாழ்நாள் முழுவதும் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். எனினும் அதன் பின்னரும் அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்குத் தலைவராக இருந்தார் என்பதை நாம் மறைத்தலாகாது. 1754-இல் கடற்பயணத்தை விட்டதும் உடல் நலிவினால்தான். அடிமை வாணிகத்தின் கொடுமையை எடுத்துரைத்து அவர் நூல் வெளியிட்டது 1788-ஆம் ஆண்டில். புயலிலிருந்து நூல் வரை நாற்பது ஆண்டுகள்! உள்ளம் திரும்பியது ஒரு நாளில். அவ்வொளி, வாழ்வின் இருண்ட மூலைக்குச் சென்று சேர நாற்பது ஆண்டுகள். அந்த நாற்பது ஆண்டுகளுக்குள் துன்புற்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும்போது, இவ்வுழைப்பைத் தள்ளிப் போடுவது எவ்வளவு பெரிய தீங்கு என்பதும் விளங்கும்.

இவ்வுண்மையை விளக்கும் வாழ்க்கை ஒன்று நம் திண்டிவனத்திலேயே திசை திரும்பியது. திண்டிவனம் இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. அன்று தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அமெரிக்க ஆர்க்காட்டு மிஷன் இங்கே பணி புரிந்து வந்தது. அம்மிஷனைச் சேர்ந்த மருத்துவர் இரண்டாம் ஜான் ஸ்கடர் என்பவரின் மகளே ஐடா ஸ்கடர் அம்மையார். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில், பசியால் மடியும் குழந்தைகளைத் தம் குழந்தைப் பருவத்திலேயே கண்டவர். அக்காட்சி அவர் நெஞ்சில் இரக்கத்தை மட்டும் விதைக்கவில்லை, அச்சத்தையும் விதைத்தது. அமெரிக்காவில் கல்வி கற்றபோது, தம் குடும்பத்தார் பலரைப்போல இந்நாட்டில் தொண்டாற்றுவதில்லை என்றே அவர் உறுதி கொண்டிருந்தார். தாயாரின் நோய் காரணமாகவே 1890-இல் திண்டிவனத்துக்கு வந்தார். சில காலம் தங்கித் திரும்பிவிடுவதே அவர் எண்ணம்.

அந்நாட்களில் ஓர் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூவர் வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் உயர்குலத்து இந்து. மூவர் வீட்டிலும் இளம் மனைவியர் பேறுகால வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். தம் தந்தை மருத்துவர், அவர் வருவார் என்று ஐடா கூறினார். ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொட்டு மருத்துவம் செய்தலை அவர்களது வழக்கம் ஒப்பவில்லை. பெண்ணாகிய ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. பொழுது விடிந்தபோது, மூன்று பெண்களும் இறந்துபட்டனர் என்ற செய்தி வந்தது.

வந்த மூவரும் கொடியவர் அல்லர். நள்ளிரவில் விளக்கும் கையுமாக அயல்நாட்டார் வாயிலில் வந்து நின்றவர்கள் மனைவியிடம் அன்பில்லாதவர்களாக இருக்க முடியுமா? வழக்கம் என்னும் சுவர் அவர்களையும் அடைத்து நின்றது. அச்சுவரை இடிக்க ஒரு நாளில் இயலாது; ஆனால் ஒரு பெண் மருத்துவர் இருந்திருப்பின் அதனூடே ஒரு வாயில் திறந்திருக்கும். இதனை ஐடா அன்றிரவு கண்டார். வேண்டுதலில் இரவைக் கழித்து, தாம் மருத்துவம் கற்றுத் திரும்பி வரப்போவதாகப் பெற்றோரிடம் அறிவித்தார்.

பலர் இக்கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுகின்றனர். நமக்குப் பாடம் தொடங்குவதே இங்கேதான். உறுதி கொண்ட ஐடா உடனே மருத்துவர் ஆகிவிடவில்லை. பெண்களுக்கு மருத்துவக் கல்வியின் கதவுகள் அமெரிக்காவிலும் அகலத் திறந்திராத காலம் அது. 1895-ஆம் ஆண்டில்தான் பிலடெல்பியாவிலிருந்த மகளிர் மருத்துவக் கல்லூரியில் அவர் சேர்ந்தார். பின்னர், பெண்களை அப்போதுதான் சேர்த்துக்கொண்ட கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் செய்தவை யாவை? நோயுற்ற தாயாருக்குப் பணிவிடை. பள்ளிச் சிறுமியருக்குப் பாடம். பின்பு உடற்கூறு, மருந்தியல், தேர்வுகள். கண்ணீர் வடித்த இரவைப்பற்றி உலகம் பேசுகிறது. உடற்கூற்று நூலைப் புரட்டிய இரவுகளைப்பற்றி யாரும் பேசுவதில்லை. ஆயினும் பின்னாளில் நோயாளியின் உயிரைக் காத்தது அந்த இரவுகளின் படிப்பே.

திண்டிவனத்துப் பிள்ளைகளுக்கு மல்லாட்டைப் பயிரைப்பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் நிறப் பூ மண்ணுக்கு மேலே எல்லார்க்கும் தெரியும்படி மலர்கிறது. பூ வாடிய பின் அதன் அடியிலிருந்து ஒரு விழுது கீழ்நோக்கி இறங்கி, மண்ணைத் துளைத்து உட்புகுகிறது. காய் பிடிப்பதும் பருப்பு முற்றுவதும் ஒருவரும் காணாத மண்ணுக்குள்ளே. உறுதி கொள்ளும் நாள் பூவுக்கு ஒப்பானது. விழுது இறங்காவிடில் பூவினால் பயனில்லை.

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மையார் இந்தியா திரும்பினார். வழிகாட்ட வேண்டிய தந்தையார் சில மாதங்களில் காலமானார். வேலூரில் ஒரு சிற்றறையில் மருத்துவம் தொடங்கியபோது மக்கள் எளிதில் நம்பி வரவில்லை. பொறுத்திருந்தார். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்பவர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலர் கொண்டு 1902-இல் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றின. முதற்குழு மாணவியர் 1922-இல் தேறி வெளிவந்தனர். மூன்று பெண்களைக் காக்க இயலாத வருத்தம், பிறரைக் காக்கவல்ல பெண்களை உருவாக்கும் பணியாக விரிந்தது.

அம்மையாரின் அகவை எழுபதை நெருங்கிய காலத்தில் மற்றொரு சோதனை வந்தது. 1930-களின் இறுதியில், மருத்துவக் கல்வி பல்கலைக்கழகப் பட்டத் தரத்துக்கு உயர வேண்டுமென அரசு விதித்தது. அவ்வளவு பெரிய செலவை மகளிர் பள்ளி தனியே தாங்குதல் அரிது. ஆடவரையும் சேர்த்துக்கொண்டு பல சபைகளின் ஒத்துழைப்பைப் பெறுவதே வழி என்று பலர் கூறினர். பெண்களுக்கென்றே வளர்த்த நிறுவனம். பெண்களுக்கென்றே பொருள் கொடுத்தவர்களோ அமெரிக்காவில் எதிர்த்தனர். நெடுநாளைய துணைவர்களின் மனவருத்தத்தையும் ஏற்று, அம்மையார் இம்மாறுதலுக்கு இசைந்தார். 1947 முதல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர். தவறான வழியைவிட்டுத் திரும்புவது கடினம். தாம் உழைத்து அமைத்த நல்ல வழியையும், அதனினும் பெரிய நன்மைக்காக மாற்றிக்கொள்வது மிகக் கடினம். மனந்திரும்புதல் இளமையில் ஒருமுறை எழுதித் தேறிவிடும் தேர்வன்று என்பதை இது காட்டுகிறது. அம்மையார் 1960-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் கோடைக்கானலில் மறைந்தார்.

இங்கே ஒரு வினா எழலாம். அகமாற்றம் இறைவனின் அருளால் நிகழ்வது என்றன்றோ கிறிஸ்தவ சமயம் கூறுகிறது? அருளே செய்யுமாயின் முயற்சி எதற்கு? நம் ஏரிப் பாசனத்தைக் கருதுங்கள். மழையை உழவன் பெய்விக்க இயலாது, அது கொடை. ஆனால் கரையைச் செப்பனிடாமலும் வரத்துக் கால்வாயைத் தூர் வாராமலும் விட்டால், பெய்த மழை கடலுக்கே சென்று சேரும். முயற்சி, அருளுக்குக் கொடுக்கும் விலையன்று. அருளைத் தேக்கும் கரை. தம் வலிமையால் மாறிவிட்டதாக அம்மையார் கருதவில்லை. அருள் கிடைத்துவிட்டது என்று கைகட்டி இருக்கவுமில்லை.

பிற சமயத்தைச் சேர்ந்த மாணவர்களுக்கும் இதில் அயலான செய்தி ஏதும் இல்லை. வள்ளுவர் முயற்சியின் பெருமைக்கென்றே ‘ஆள்வினையுடைமை’ என ஓர் அதிகாரம் வகுத்தார். ஆகவே, உங்களுள் ஒருவர் தம் சினத்தை வெல்ல விரும்பினால் அடுத்த முறை வாய் திறக்குமுன் சற்று நிற்கட்டும். பொய்யை விட விரும்புபவர், முன்னர் ஏமாற்றியவரிடம் சென்று உண்மையைக் கூறட்டும். தொண்டு செய்ய விழைபவர் அதற்கு வேண்டிய கல்வியை இன்றைய பாடத்திலிருந்தே தொடங்கட்டும். இடையில் தவறி வீழ்ந்தால் முயற்சி முடிந்துவிட்டதென்று எண்ண வேண்டா. வீழ்ந்தவன் முகம் எத்திசை நோக்கி இருக்கிறது என்பதே கேள்வி. திரும்பிய திசையிலேயே முகம் இருக்குமாயின், எழுந்து அடுத்த அடியை வைத்தல் ஒன்றே எஞ்சிய வேலை.