கடல் நுண்ணுயிரி சொல்லும் தழைச்சத்துக் கணக்கு

மீன் குட்டை வைத்திருப்பவர்களுக்கு விலங்கின மிதவை நுண்ணுயிரிகளைத் தெரியும். சாணம் கரைத்துவிட்ட சில நாட்களில் தண்ணீரில் பொடிப்பொடியாகத் துள்ளுமே, மீன் குஞ்சுகளின் தீனி, அவைதான். கடலிலும் இவை உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கடலில் சத்து எப்படி இருந்தது என்பதை இவற்றின் உடலை வைத்தே இன்று சொல்ல முடிகிறது.

தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், எடை 14, எடை 15 என இரண்டு வகை அணுக்கள் உள்ளன. இவற்றை ஐசோடோப்பு என்கிறோம். காற்றில் ஆயிரத்துக்கு நான்குகூட 15 இருக்காது. கடலில் நைட்ரேட் தாராளமாக இருந்தால் தாவர மிதவை நுண்ணுயிரிகள் இலேசான 14-ஐயே அதிகம் எடுக்கும். தட்டுப்பாடு வந்தால் 15-ஐயும் விடாது. சோளத்தட்டை நிறையப் போட்டால் மாடு இலையைத் தின்று தண்டை ஒதுக்கும். பற்றாக்குறையில் தண்டையும் மென்றுவிடும் அல்லவா, அதுபோலத்தான். இவற்றைத் தின்னும் விலங்கின நுண்ணுயிரியின் உடலிலும் அதே கணக்கு ஏறிவிடும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் மத்தி மீன் வளம் சரிந்ததும், காரணம் தேடி 1949-ல் கால்கோஃபி என்ற கடல் ஆய்வு தொடங்கியது. மீன் முட்டையையும் குஞ்சையும் எண்ணுவதற்காக வலைவீசிப் பிடித்ததை ஃபார்மலினில் போட்டு ஜாடி ஜாடியாக வைத்தார்கள். ஃபார்மலினில் கரிமம் உண்டு, நைட்ரஜன் கிடையாது, நல்லதாகப் போயிற்று. 2003-ல் வெளியான ஆய்வு, அந்த ஜாடிகளிலிருந்து 51 ஆண்டு நைட்ரஜன் கணக்கை எடுத்தது. எல் நினோ காலங்களில் 15-ன் பங்கு உயர்ந்திருந்தது. மேல்நீர் சூடாகி, அடியிலிருந்து சத்துநீர் ஏறுவது குறைந்ததே காரணம். ஒன்று கவனியுங்கள்: ஒரு உயிரி இன்னொன்றைத் தின்னும் ஒவ்வொரு படியிலும் 15 சற்றுக் கூடும். எனவே ஆண்டுக்கு ஆண்டு ஒரே இனத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

இதே அளவீடு உங்கள் கிணற்றுக்கும் பயன்படும். யூரியா காற்றின் நைட்ரஜனில் செய்யப்படுவதால் அதன் கணக்கு காற்றை ஒட்டியே இருக்கும். சாணக் குவியலில் இலேசான 14 அம்மோனியாவாகப் பறந்துவிட, 15-ன் பங்கு கூடிவிடும். கிணற்றில் சேர்ந்த நைட்ரேட் உரத்தாலா, எருக்குழி அல்லது கழிவுநீராலா என்று பிரித்துப் பார்க்க இது உதவும். மண்ணிலேயே நைட்ரேட் மாறுவதும் உண்டு. ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டோம்.

இந்தச் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டும். உங்களுக்கு முதலில் தேவை சாதாரண நைட்ரேட் சோதனைதான். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் காட்டினால் அந்தத் தண்ணீரைக் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கவும் எடுக்காதீர்கள். காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது.