பருத்தியின் மேல் விழுந்த பழி

ஒரு பருத்திச் சட்டைக்கு 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கைக் கேள்விப்பட்டவர்கள், உலகத்தின் ஜலவளத்தை வற்றடிப்பது இந்தச் செடிதான் என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அக்கணக்கு கற்பனையன்று, ஆனால் வானத்திலிருந்து வயலில் விழுந்த மழை, கால்வாயிலும் கிணற்றிலும் இறைத்த நீர், விவசாயத்திலும் சாயப்பட்டறையிலும் சேரும் அசுத்தத்தைக் கரைக்க வேண்டிய நீர் ஆகிய மூன்றையும் கூட்டி, உலக சராசரியாகச் சொன்னது அது என்பதை நாம் கவனிப்பதில்லை.

பழிக்குச் சாட்சியாக எல்லோரும் காட்டுவது ஆரல் கடலை. 1960-இல் சுமார் 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புடன் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த அதற்கு நீர் தந்த ஆமு தாரியா, சிர் தாரியா என்னும் நதிகளைச் சோவியத் அரசு மத்திய ஆசியாவின் பாலைநிலப் பருத்திக்குத் திருப்பியது. 1954-இல் வெட்டத் தொடங்கிய காரகும் கால்வாய், காரைப்பூச்சு இல்லாமல் மணலின் வழியே சென்றமையால், வயலைச் சேருமுன்பே ஏராளமான நீர் மண்ணுக்குள் இறங்கிப்போயிற்று. மீன்பிடித் துறைமுகமாயிருந்த முய்னாக்கில் துருவேறிய படகுகள் இன்று மணலில் சாய்ந்து கிடக்கின்றன.

இதே பருத்தி, நம் கோவில்பட்டிக் கரிசலில் வேறு விதமாக விளைந்து வந்திருக்கிறது. அங்கே வருஷத்துக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் மழை. பாய்ச்ச ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. நனைந்தால் களியாகிக் காலைப் பிடித்துக்கொள்வதும், காய்ந்தால் பாளம்பாளமாக வெடிப்பதுமான அந்த மண், வடகிழக்குப் பருவமழையைத் தன்னுள் தேக்கிவைத்துக்கொள்ள, ஆணிவேரை ஆழமாகச் செலுத்தும் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி, மழை ஓய்ந்த மாதங்களிலும் அந்த ஈரத்தைக் கொண்டே காய் பிடிக்கும். மானாவாரி என்று சம்சாரிகள் சொல்லும் இந்த விவசாயத்தில் மழை பொய்த்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான். எந்த நதியும் அதனால் வற்றுவதில்லை. இந்தியாவின் பருத்தி நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இவ்வாறு மழையை நம்பியே இருக்கிறது.

உலக உணவு விவசாய ஸ்தாபனத்தின் மதிப்பீட்டில், ஒரு சாகுபடிக்குப் பருத்தி கேட்கும் நீர் 700 முதல் 1,300 மில்லிமீட்டர்; கரும்பு கேட்பதோ 1,500 முதல் 2,500 வரை. அப்படியிருக்க, பேராசையென்ற பட்டத்தைப் பருத்திக்கு மட்டும் சூட்டுவது நியாயமாகாது. அதற்காக, ஆழ்துளைக் கிணற்று நீரை அளவின்றிப் பாய்ச்சுகிற இடங்களில் கண்டனம் எழுவதைத் தவறென்றும் சொல்ல முடியாது. அங்கே சொட்டுநீர்ப் பாசனம் அவசியமான பரிகாரம்.

ஆகவே, ஒரு சட்டைக்கு எத்தனை லிட்டர் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அது எந்த நிலத்தில் விளைந்தது, எங்கிருந்து வந்த நீரைக் குடித்தது என்றும் வாசகர்கள் விசாரிக்க வேண்டும். கடலை வற்றடித்த திட்டத்துக்கும் மழையைப் பார்த்து விதைத்த சம்சாரிக்கும் ஒரே தண்டனை விதிப்பது தர்மமன்று.