குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர்: புகழும் பிரதியும்

காமிக்ஸுக்கெல்லாமா விமர்சனம் என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. ஒரு தலைமுறையின் வாசிப்புப் பழக்கத்தை உருவாக்கிய பிரதிகளை இலக்கியத்துக்கு வெளியே தள்ளிவிட்டால் அந்தத் தலைமுறையின் மனதைப் பற்றி நாம் பேசவே முடியாது. 1984இல் சிவகாசியிலிருந்து எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு வெளிவரத் தொடங்கிய லயன் காமிக்ஸ் பெரிய நகரங்களோடு நின்றுவிடவில்லை. மஞ்சூர் மாதிரி மலையூர்களிலும் அட்டை கிழியும்வரை கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. அதில் அதிகம் கொண்டாடப்பட்டவர்களில் ஒருவன் ஸ்பைடர். வாசகர்கள் செல்லமாக வைத்த பெயர் கூர்மண்டையன். இவன் அமெரிக்கச் சிலந்தி மனிதன் அல்ல. 1965இல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் பிறந்தவன். டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைந்தார்.

அந்தப் புகழுக்கு இவன் தகுதியானவன்தானா?

முதல் கதைகளைப் பொறுத்தவரை, சும்மா சொல்லக்கூடாது, தகுதியானவன்தான். குற்ற உலகின் சக்கரவர்த்தி ஆக வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு லட்சியம் கிடையாது. அம்மாவுக்கு வைத்தியம், தங்கைக்குக் கல்யாணம் என்று தமிழ் சினிமாத் திருடன் சொல்கிற சமாதானம் எதையும் அவன் சொல்வதில்லை. விஞ்ஞானி பெல்ஹாமையும் பெட்டகம் உடைக்கும் ஆர்டினியையும் கூட்டாளிகளாக வைத்துக்கொள்கிறான், ஆனால் சமமாக நடத்துவதில்லை. மன்னிப்புக் கேட்காத இந்த ஆணவம்தான், நீதிபோதனையிலேயே வளர்க்கப்பட்ட சிறுவனுக்குக் கிடைத்த விடுதலை. ரெக் பன்னின் அடர்ந்த கறுப்புக் கோடுகள் அந்த ஆணவத்துக்கு உடல் கொடுத்தன. 'எத்தனுக்கு எத்தன்', 'சதிகாரர் சங்கம்' போன்ற தலைப்புகளும் தமிழ் வசனமும் அதற்குக் குரல் கொடுத்தன. அந்தக் குரல் இங்கே உருவானது. லண்டனுக்கு அதில் பங்கில்லை.

ஆனால் அவனை ஒரு 'கலகக்காரன்' என்று கொண்டாடுவதுதான் இடிக்கிறது. அவன் கதைகளில் கொள்ளை உண்டு. கொள்ளை போனதால் பசித்தவன் எவனும் கிடையாது. போலீஸ் உண்டு, அந்தச் சட்டம் யாருடையது என்ற கேள்வி கிடையாது. குற்றம் என்பது அவன் விரும்பி அணிந்துகொள்கிற ஒரு கிரீடம். கிரீடம் அலுத்ததும் கழற்றிவிட்டு மற்ற வில்லன்களோடு மோதப் போய்விடுகிறான். 'நீதிக் காவலன் ஸ்பைடர்' என்ற தலைப்பே இந்தச் சரிவுக்குச் சாட்சி.

நம்முடைய அனுபவம் நேர் எதிரானது. 1871இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தில் 'குற்றவாளி' என்பது பிறக்கும்போதே ஒட்டப்பட்ட சீட்டு. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920இல் போலீஸ் சுட்டது. இதே மலையில், 1882இன் சென்னை வனச்சட்டத்துக்குப் பிறகு ரிசர்வ் காட்டில் விறகு பொறுக்குகிறவர் குற்றவாளியாகிவிட முடிந்தது. குற்றத்தைக் கிரீடமாகப் பார்க்கிற கற்பனையும் அதே பிரிட்டனிலிருந்துதான் வருகிறது. இந்த முரண்பாட்டைக் கவனிக்காமல் ஸ்பைடரை ரசிப்பது பாதி வாசிப்புதான்.

சட்டத்துக்கு வெளியே நிற்பவன் எல்லோரும் இப்படித்தான் என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானில் லெய்ஜி மட்சுமோட்டோ 1977இல் வரையத் தொடங்கி, ரின்டாரோ இயக்கத்தில் 1978-79இல் 42 பகுதிகளாகத் தொலைக்காட்சியில் வந்த 'கேப்டன் ஹார்லாக்' இருக்கிறான். விண்வெளிக் கொள்ளையன். வேலையை எந்திரங்களிடம் விட்டுச் சுகத்தில் மயங்கிக் கிடக்கிற பூமி, அதன் அரசு, அந்த அரசால் தேடப்படுகிற அவன். மண்டையோட்டுக் கொடி அங்கே ஒரு வாதம்: உங்கள் சட்டம் என்னைக் கட்டுப்படுத்தாது, ஏனென்றால் நீங்கள் வாழ்வதையே விட்டுவிட்டீர்கள். அதே பூமியைக் காப்பாற்ற அவன் போராடுவது அவனுடைய எல்லை என்று வாதிடலாம். ஆனாலும் கேள்வி இருக்கிறது. ஸ்பைடரிடம் அந்தக் கேள்வி இல்லை.

இருந்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கோவனுக்குப் பிறகு ஸ்பைடரை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். 1938இல் அவரும் ஜோ ஷுஸ்டரும் வெறும் 130 டாலருக்கு அதன் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நிறுவனம் கோடிகளைக் குவித்தது. இவர்களுக்கு ஆண்டு ஓய்வூதியம் ஒப்புக்கொள்ளப்பட்டது 1975இல்தான். எல்லாமே சட்டப்படி! சட்டத்தின் துணையோடு நடக்கும் கொள்ளையைத் தன் வாழ்க்கையிலேயே அறிந்த மனிதர், பெயர் அச்சிடப்படாமல், இன்னொரு நாட்டு வார இதழுக்குக் கொள்ளையனின் கதை எழுதுகிறார். அந்தக் கதைகளில் பாட்டிலிலிருந்து பூதம் வருகிறது, ஆனால் ஒப்பந்தத்தால் பறிபோன உழைப்பு எங்கேயும் வரவில்லை. சிறுவர் வார இதழ் என்கிற வணிக வடிவம் அனுமதித்த எல்லை அவ்வளவுதான்.

ஆகவே ஓவியத்துக்கும், முதல் கதைகளின் வெட்கமின்மைக்கும், சிவகாசித் தமிழுக்கும் கிடைத்த புகழ் நியாயமானது. அதில் எதையும் குறைக்க வேண்டியதில்லை. கலகக்காரன் என்ற பட்டத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதைக் கொடுப்பதற்கு ஆள் தேடுகிறோம் என்றால், யாரைக் குற்றவாளி என்பது, அதைச் சொல்வது யார் என்று கேட்கிற படக்கதை தமிழில் எழுதப்பட வேண்டும். பெருங்காமநல்லூரும் விறகுச் சுமையும் அதற்குக் காத்திருக்கின்றன.